பெரிய டிஸ்க்கும் பழைய டயரும்

எடப்பாடியின் விசைத்தறி ஓசைக்கு நடுவே பழைய அம்பாசிடர்களைப் பேணிவரும் அன்பர்கள் சிலர் உண்டு. உத்தரபாரா ஆலையில் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டி அது. பழையனவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். (நிறுத்தி, தடுப்பான் என்றெல்லாம் தமிழ்ச்சொற்கள் இருந்தும் பட்டறையில் பிரேக் பிரேக்காகவே இருக்கிறது.) முன்சக்கரங்களில் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டிவிட வேண்டும் என்பது அன்பர்களின் ஆசை. ஆசையை நாம் பழிக்கவில்லை. 'டிஸ்க் மாட்டினால் வண்டி சட்டென்று நின்றுவிடும்' என்று அவர்கள் சொல்லும் காரணத்தோடுதான் நமக்குப் பிணக்கு.

நிற்க. (இச்சொல் இக்கட்டுரையில் பொருத்தமாகவே வந்து விழுகிறது.)

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவது தரையைப் பற்றியிருக்கும் டயர். ஒரே மிதியில் சக்கரத்தைப் பூட்டிவிடும் வலு பழைய டிரம்முக்கே இருக்குமானால், அந்த ஒரு மிதியில் டிஸ்க் கூடுதலாகச் சாதிப்பது சொற்பம். வழுக்கை டயருக்கு எந்த டிஸ்க்கும் துணைவராது. டிஸ்க்கின் அருமை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது விளங்கும். அங்கே ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். வேகம் இருமடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்கு. டிரம்முக்குள் அடைபட்ட வெப்பம் லைனிங்கின் பிடியைத் தளர்த்திவிடும். காற்றில் திறந்திருக்கும் டிஸ்க் விரைந்து ஆறும். எனினும் ஏறிய கியரிலேயே இறங்கும் லாரிக்காரர்களின் வழக்கத்தை மலையேறும் கார்க்காரர் எத்தனை பேர் கைக்கொள்கிறார்கள்?

அரைகுறை வேலையே நம்மை அஞ்சவைக்கிறது. டிரம்மின் ஷூ, சுழலும் டிரம்மாலேயே உள்ளிழுக்கப்பட்டுத் தன் பிடியைத் தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. எனவே காலின் பாரத்தைக் குறைக்க சர்வோ வேண்டும். காலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ளக் கூடுதல் ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் போதாமல் பெடல் ஆழமாக இறங்கும். முன்பின் சமநிலை கெட்டுப் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி வால்சுற்றும்.

பிரேக் ஆயிலைக் குறைந்தால் ஊற்றுவதோடு சரி, முற்றிலும் மாற்றுவோர் அரிது. அதுவோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155. கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. முதற்செலவு ஆயிலுக்கும் டயருக்கும் ஆகட்டும் என்பதே நம் கட்சி.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பிரேக் பற்றிச் சான்றிதழில் ஒன்றும் இல்லையே என்று வாதிடலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தாரிடம் அவ்வாதம் எவ்வளவு தூரம் ஓடும்?

இத்தனைக்குப் பிறகும் மலைப்பாதையே வாழ்க்கையாய் இருப்பவர் மாட்டிக்கொள்ளட்டும். மாஸ்டர் சிலிண்டரையும் சர்வோவையும் சேர்க்காமல் ஒருவர் விலை சொன்னால், வண்டியை அந்தப் பட்டறையில் விட வேண்டாம்.