த்ரில்லர் படமும் பொய் சொல்லாத சத்தமும்

ஒரு சின்ன சோதனை. வீட்டில் ஏதாவது ஒரு த்ரில்லர் படம் ஓடும்போது, பயங்கரமான காட்சி வரும் நேரம் பார்த்து ரிமோட்டை எடுத்து சத்தத்தை முழுக்க நிறுத்திவிடுங்கள். கதாநாயகி இருட்டில் மெழுகுவர்த்தியோடு மாடிப்படி ஏறுவார். அவ்வளவுதான்... கரண்ட் போன எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம்! இப்போது அதே காட்சியைத் திரும்பப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேளுங்கள். வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

த்ரில்லர் படத்தில் பயம் பாதிக்கு மேல் காது வழியாகத்தான் உள்ளே போகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தானோ என்னவோ, சத்தத்தைக் கூட்டினால் சஸ்பென்ஸும் கூடும் என்று பல இயக்குநர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கதவு திறந்தாலும் டமார், பூனை குதித்தாலும் டமார். ஆனால் சஸ்பென்ஸ் நிற்பது சத்தத்தின் அளவில் இல்லை, அதன் நாணயத்தில். பார்க்கிறவர் அந்தச் சத்தத்தை நம்ப வேண்டும்.

சஸ்பென்ஸ் என்றால் என்ன என்பதற்கு ஹிட்ச்காக் ஒரு உதாரணம் சொல்வார். ஃபிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரை எடுத்த நீண்ட பேட்டியில் வருவது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கடியில் திடீரென்று குண்டு வெடித்தால் அது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே ரசிகருக்குக் காட்டிவிட்டு, பிறகு அவர்களைப் பேசவிட்டால் அது 15 நிமிட சஸ்பென்ஸ். அதாவது ரசிகருக்குத் தகவல் தெரிய வேண்டும், அந்தத் தகவல் உண்மையாகவும் இருக்க வேண்டும். அந்தத் தகவலை ரசிகரிடம் கொண்டுவந்து சேர்க்கிற தபால்காரர்தான் சத்தம்.

பேசும் படம் வந்த புதிதிலேயே இதைப் புரிந்துகொண்டவர் ஃபிரிட்ஸ் லாங். ஜெர்மனியில் 1931-ல் வந்த 'எம்' அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவன், கொலைவெறி ஏறும்போதெல்லாம் ஒரே மெட்டை விசிலடிப்பான். நார்வே இசையமைப்பாளர் கிரீகின் மெட்டு அது. படத்தில் பின்னணி இசையே கிடையாது, அதனால் அந்த விசில் தனியாகக் காதில் விழும். எல்சி என்ற சிறுமிக்கு அவன் பலூன் வாங்கித் தரும்போதும் அதே விசில். அப்புறம் அவளுடைய அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரையில் ஆளில்லாத மாடிப்படி, சாப்பாட்டு மேஜையில் காலித் தட்டு... கொலையைக் காட்டவே இல்லை. கடைசியில் அவன் மாட்டிக்கொள்வதும் அந்த விசிலால்தான். பலூன் விற்ற பார்வையற்ற வியாபாரி அதைக் காதால் அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறார். படம் முழுக்க அந்த விசில் ஒருமுறைகூட ரசிகரை ஏமாற்றுவதில்லை. கேட்டால் ஆபத்து என்று அர்த்தம்.

இதே நாணயத்தை இன்னும் சாமர்த்தியமாகப் பயன்படுத்திய படம் 1975-ல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்'. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துக்கொண்டது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வேலை செய்யாததால் சுறாவைக் காட்டாமலேயே பயமுறுத்த வேண்டிய நிலைமை. கை கொடுத்தவர் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ். இரண்டே ஸ்வரம்! முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஸ்பீல்பெர்க் முதலில் கேட்டபோது அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாராம்.

இந்த இரண்டு ஸ்வரக் கதை ஊரறிந்தது. பலர் கவனிக்காதது வேறு ஒன்று. ஜூலை 4 விடுமுறை நாளில் கடற்கரை நிறையக் கூட்டம். தண்ணீரில் ஒரு துடுப்பு தெரிகிறது. ஜனங்கள் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் அந்த இசை வராது! பார்த்தால், இரண்டு பையன்கள் அட்டைத் துடுப்பை வைத்து விளையாடியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நீர்நிலைக்குள் நிஜச் சுறா நுழைகிறது. அங்கே இசை வருகிறது. ஊர் ஜனங்களை ஏமாற்றலாம், ரசிகரை ஏமாற்றக் கூடாது என்பது போல.

இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பிக்கையைச் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு ஒரே ஒரு இடத்தில் அதைச் செலவு செய்கிறார்கள். போலீஸ் அதிகாரி ப்ராடி படகின் பின்பக்கம் சலித்துக்கொண்டே மீன் துண்டுகளை வீசிக்கொண்டிருக்கிறார். இசை இல்லை, எனவே பயமும் இல்லை. அப்போது அவருக்குப் பின்னால் சுறா வாயைத் திறந்துகொண்டு எழும்புகிறது! தியேட்டரே துள்ளிய இடம் அது. சேமித்து வைத்தவர் மட்டுமே செலவு செய்ய முடியும்.

சரி, பொய்ப் பயமுறுத்தல் என்பது சினிமாவில் காலங்காலமாக இருப்பதுதானே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஆதி உதாரணமாகச் சொல்லப்படுவது 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்'. இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. இவள் வேகமாக நடக்க, சிறுத்தை சீறுவது போல ஒரு சத்தம்... ஒரு பஸ் வந்து நிற்கிறது! பிரேக் போட்ட சத்தம்தான். இது பொய்தானே? இல்லை. அவளை ஒருத்தி பின்தொடர்ந்தது உண்மை. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. ஆபத்து உண்மை, அது வந்த நேரம்தான் தப்பு. ஆபத்தே இல்லாத இடத்தில் வயலினை அலறவிடுவதும் இதுவும் ஒன்றல்ல.

அலறல் என்றதும் 'சைக்கோ' (1960) ஞாபகம் வரும். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்பு வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்த படம். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் போட்டுக் காட்டியதைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார். எனவே பெரிய சத்தம் என்றாலே தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அலறல் எப்போது ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். அதுவரை ஷவரில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். திரைச்சீலை விலகிய பிறகுதான் வயலின்.

இசையை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டாலும் சஸ்பென்ஸ் போய்விடாது என்பதற்கு 2007-ல் கோயன் சகோதரர்கள் எடுத்த 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' சாட்சி. லாட்ஜ் அறையில் பணப்பெட்டியோடு ஒருவன். கீழே ரிசப்ஷனுக்குப் போன் செய்கிறான், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. நடைபாதையில் காலடிச் சத்தம். கதவுக்கு அடியில் நிழல். அது நகர்ந்து போகிறது. பிறகு வெளியே விளக்கு அணைகிறது... இசைக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தப் பழைய உதாரணங்களால் இன்று என்ன பயன்? கல்லூரிகளில் குறும்படம் எடுக்கிற மாணவர்களுக்கு நிச்சயம் உண்டு. நல்ல கேமரா வாடகைக்கே கையிருப்பு கரைந்துவிடும். காலடிச் சத்தத்தையோ குழாய் சொட்டுவதையோ செல்போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம், செலவு கிடையாது. அதைச் செய்யாமல் இணையத்தில் கிடைக்கிற நாலு 'டமார்' சத்தத்தை இறக்கி, ஐந்து நிமிடப் படத்தில் பத்து இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். முதல் தடவை ரசிகர் துள்ளுவார். இரண்டாவது தடவை, வந்தது நண்பன்தான் என்று தெரிந்து சிரிப்பார். மூன்றாவது தடவை, நிஜக் கொலைகாரனே கத்தியோடு வந்து நின்றாலும் அவர் மெசேஜ் பார்த்துக்கொண்டிருப்பார்.

பணம் இல்லாத கணக்கில் செக் எழுதுவதைப் போன்றதுதான் இது. இரண்டு செக் திரும்பி வந்தபிறகு, மூன்றாவது நல்ல செக்காகவே இருந்தாலும் யார் வாங்குவார்கள்?

'புலி வருது, புலி வருது' என்று கத்திய பையன் கதையில் புலி கடைசியில் நிஜமாகவே வந்தது. கேட்கத்தான் ஆளில்லை!