பள்ளித் தலைமையும் டாக்டர் பட்டமும்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் பலர். அவர்களுட் சிலர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் வகுப்பறையில் உழைத்தபின், கல்வி நிர்வாகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற வழி யாதென நம்மை வினவுகின்றனர். மகிழ்ச்சிக்குரிய வினா இது. ஆகலின், இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

நன்றாகப் பாடம் சொல்பவரைத் தலைமையாசிரியராக்குவது நம் நாட்டு வழக்கம். பாடம் சொல்வது ஒரு திறன். பள்ளியை நடத்துவது வேறொரு திறன். இரண்டாவதைக் கற்பிப்பார் குறைவு. இக்குறையை உணர்ந்தே, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2010-இல் கல்வித் தலைமைக்கெனத் தனி டாக்டர் பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. நமது நகரமும் இத்துறைக்குப் புதிதன்று. கல்வியியலில் எம்.எட். பட்டத்தை 1936-இலேயே ஏற்படுத்தியது பம்பாய்ப் பல்கலைக்கழகம். கல்வியறிஞர் ஜே. பி. நாயக் 1948-இல் இந்தியக் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்ததும் இந்நகரில்தான். பின்னர் 1976-இல் அது புனேக்குச் சென்றது.

இனி விதிகளைக் காண்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி, முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர் முதலியோர்க்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தோடு பி.எட். மட்டும் பெற்றோர், முதலில் எம்.எட். அல்லது கல்வியியலில் எம்.ஏ. முடித்தல் நலம். ஆராய்ச்சிக் காலம் குறைந்தது 3 ஆண்டு. மிகுதியாக 6 ஆண்டு. தேவையாயின் 2 ஆண்டு நீட்டிப்பு உண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கக்கூடும். பணியில் இருந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்யவும் இடமுண்டு. அதற்குப் பள்ளி நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று இன்றியமையாதது.

சேர்க்கைக்கு 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண் பயன்படுகிறது. உதவித்தொகைக்குத் தகுதி பெறாதவர்களின் மதிப்பெண், ஆராய்ச்சிச் சேர்க்கைக்கு ஓராண்டே செல்லும். அதில் தேர்வுக்கு 70 பங்கு, நேர்முகத்திற்கு 30 பங்கு. சொந்த நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உள. எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பையும் அவ்வவ்வாண்டில் படித்தறிதல் வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது? செம்பூரை அடுத்த தேவநாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1936-இல் தோன்றிய அது, கல்வித் துறையிலும் ஆராய்ச்சி நடத்துகிறது. கலீனாவில் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறை உள்ளது. பெண்களுக்கு, கார்வே பெருமகனார் 1916-இல் நிறுவிய பல்கலைக்கழகம் உண்டு. தில்லி செல்ல இயலுமாயின், கல்வித் திட்டமும் நிர்வாகமும் பற்றியே ஆராயும் தேசிய நிறுவனம் அங்குள்ளது; 1962-இல் யுனெஸ்கோ அமைத்த மையத்திலிருந்து வளர்ந்தது அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே ஓராண்டில் டாக்டர்' என்னும் விளம்பரங்கள் நம் ஆசிரியர்களின் கைப்பேசிக்கு நாள்தோறும் வருகின்றன. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இணையவழிக் கம்பெனிகள் தரும் டாக்டர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மகளின் திருமணத்திற்கும் ஊரில் வீடு கட்டவும் சேர்த்த பணத்தை இத்தகைய காகிதத்திற்குக் கொடுத்தல் தகுமா? எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஆராய்ச்சிக்குரிய கேள்வி. 'தலைமைப் பண்புகள்' என்று எழுதிக் கொடுத்தால், கேட்பவர் எதனைத் தெரிந்துகொள்வார்? கேள்வி சிறியதாகவும், நாமே நேரில் கண்டதாகவும் இருத்தல் வேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து வருவதை நாம் அறிவோம்; ஆங்கில மோகமே காரணம் என்று சொல்லி அமைதி அடைகிறோம். தலைமையாசிரியர் மாறிய ஆண்டில் எத்தனை பிள்ளைகள் விலகினர்? கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்ற பிள்ளைகள் ஜூன் கழிந்து திரும்பியபோது, பள்ளி அவர்களை எவ்வாறு சேர்த்துக்கொண்டது? பெற்றோர் கூட்டத்தை மாலையில் வைத்த பள்ளிக்கும் காலையில் வைத்த பள்ளிக்கும் வேறுபாடு உண்டா? இவற்றுள் ஒன்றை எடுத்து, மூன்று அல்லது நான்கு பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை முறையான அனுமதியோடு ஆராய்ந்தால், அதுவே நல்ல ஆராய்ச்சி. தாராவியில் பல்லாண்டு பணி புரிந்த ஆசிரியைக்கு எளிதில் தோன்றும் இக்கேள்வி, நூலகத்தில் மட்டும் இருப்பார்க்கு எளிதில் தோன்றாது. நெறியாளராகக் கருதும் பேராசிரியரின் கட்டுரைகளை முன்னரே படித்து, தம் கேள்வி அவர் துறைக்குப் பொருந்துமா என்று பார்த்து விண்ணப்பித்தல் நலம்.

வீட்டாருக்கும் ஒரு சொல். மாலைப் பள்ளி முடிந்து வரும் மருமகள், இரவு பத்து மணிக்குமேல் நூலைத் திறக்கிறாள் எனில், அது பெயருக்கு முன்னே ஒரு சொல்லைச் சேர்ப்பதற்காக மட்டுமன்று. நம் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நீங்குகின்றனர் என்பதை நம்மவர் ஒருவர் சான்றுகளோடு எழுதி வைத்தால், மாநகராட்சியிடம் நாம் கொடுக்கும் மனு கண்ணீராக இராது, கணக்காக இருக்கும். அதற்காக ஆறாண்டுகள் அவள் சமையற்கட்டின் பாதி வேலையை நாம் ஏற்றுக்கொள்ளலாகாதா?