கடல் காணாத கொள்ளையன்

ஆண்டு விழா நெருங்குகிறது. நம் மன்றத்தில் நாடகம் எழுதுவோரும் கதை புனைவோரும் வழக்கம்போல் மாய நாடுகளைத் தேடிப் புறப்பட்டுவிட்டனர். நல்லதே, கற்பனை இளைஞரின் உடைமையன்றோ! ஆனால் அந்த நாடுகளில் எல்லாம் ஒரே கொள்ளையன்தான் குடியிருக்கிறான். முகத்தில் வடு, தோளில் கோடரி, வாயில் பேய்ச்சிரிப்பு. இரக்கமற்றவன் என்று நமக்கு உணர்த்த, மேடைக்கு வந்ததும் இருவரை வெட்டிச் சாய்க்கிறான். இரக்கமின்மை என்பது இவ்வளவுதானா?

நான் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவன். ஆகவே எடுத்துக்காட்டையும் அங்கிருந்தே தருகிறேன். 2018-லும் 2022-லும் 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடப் படம் இரு பாகங்களாக வெளிவந்து, தமிழிலும் ஓடியது. இரண்டாம் பாகத்து வில்லன் அதீரா. வைக்கிங்குகளின் கொடுமையைக் கண்டு இவனை அமைத்ததாகப் படத்தாரே விளம்பரம் செய்தனர். வைக்கிங்குகள் யார்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிச் சென்று ஐரோப்பியக் கடற்கரைகளைச் சூறையாடிய வடநாட்டார். கடலே இல்லாத கோலாருக்கு ஒரு கடற்கொள்ளையன்!

கதைதானே, இதில் என்ன குற்றம் என்று நண்பர்கள் கேட்கலாம். கற்பனை செய்வது குற்றமன்று. கற்பனை போதவில்லை என்பதே என் குறை. ஏனெனில், தங்கவயலுக்கு உண்மையிலேயே கடல் கடந்து ஆட்கள் வந்தனர். அவர்கள் கையில் கோடரி இல்லை. குத்தகைப் பத்திரம் இருந்தது. 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. யாரும் பேய்ச்சிரிப்புச் சிரிக்கவில்லை. பங்குதாரருக்கு ஆண்டறிக்கை அனுப்பினர்.

கடலிலும் இதே கதைதான். ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்துத் திரும்பிய பிரான்சிஸ் டிரேக்குக்கு 1581-இல் இங்கிலாந்து அரசி 'சர்' பட்டம் வழங்கினார். ஸ்பெயினுக்கு அவன் கொள்ளையன்; இங்கிலாந்துக்கு வீரன். அஞ்ச வேண்டியது கறுப்புக் கொடிக்கு மட்டுமா?

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. இந்தியாவிலேயே முதன்மையான சாதனைகளுள் ஒன்று என்று பெருமையுடன் பேசுகிறோம். அந்த மின்சாரம் எந்திரங்களை ஓட்டியது; துரைமார் பங்களாக்களில் ஒளி வீசியது. தங்கத்தை வெட்டியவனோ தட்டியால் மறைத்த குடிசையில் வாழ்ந்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, தொட்டால் சுடும் பாறை நடுவே வேலை செய்தான். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூளில் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி, பல ஆண்டுகளுக்குப் பின் மூச்சு முட்டும். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். எந்தக் கொள்ளையனின் கோடரி இத்தனை பொறுமையாகக் கொன்றது?

என் பெருங்குறை இன்னொன்று. அந்தப் படத்தில் சுரங்க மக்கள் ஊமைக் கூட்டமாக வருகிறார்கள். அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், காப்பாற்ற ஒருவன் வருவான் என்று காத்திருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற மக்கள். அவருள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையைச் சுமந்தவர். 1930-இல் அவர்களுடைய கைரேகையைப் பதிய நிர்வாகம் முனைந்தது. 'நாங்கள் என்ன குற்றவாளிகளா?' என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். எந்தக் கதாநாயகனும் வெளியிலிருந்து வந்து அவர்களை எழுப்பவில்லை. இன்று 'எந்த ஊர்?' என்று கேட்போருக்கு 'தங்கவயல்' என்றால், உடனே அந்தப் படத்தின் வசனத்தைப் பேசிக் காட்டுகிறார்கள். வேலைநிறுத்தம் செய்த அந்த மக்களைப் பற்றிக் கேட்பார் இல்லை.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் நடுவண் அரசிடம் சென்றன. 2001 பிப்ரவரி 28-இல், நட்டம் என்ற கணக்கின் மேல் மூடப்பட்டன. பேரர்களும் பேத்திகளும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்தத் துயரத்துக்கு எந்த அதீராவைப் பிடித்து வெட்டுவது?

ஆகவே, நாடகம் எழுதும் நண்பர்களே! உங்கள் கொள்ளையனை இன்னும் கொடியவனாகப் படையுங்கள். அவன் கையில் முத்திரை குத்திய ஓர் உரிமைப் பத்திரத்தைக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு கணக்கப்பிள்ளையை உட்கார வையுங்கள். தான் நியாயமானவன் என்று அவன் மனமார நம்பட்டும். இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும். அவனிடம் அகப்பட்டவர்களுக்குப் பெயர் கொடுங்கள், வாய் கொடுங்கள், 'முடியாது' என்று சொல்லும் துணிவைக் கொடுங்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாத ஊரில் வில்லனாக இருப்பது எளிது. அத்தகைய ஊர் தங்கவயலாக இருந்ததில்லை. உங்கள் மாய நாடும் அப்படி இருக்க வேண்டாம்.