கடன் கொடுப்பவன் யார்?

மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் வாலிபர்களின் கையில் மனை வியாபாரிகள் நோட்டீஸைத் திணிக்கிறார்கள். "பாங்கிக் கடன் வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம், ஜாமீன் வேண்டாம். மாதத் தவணை கட்டு தம்பி, மூன்றே வருஷத்தில் நீயும் நிலச் சொந்தக்காரன்!" காண்டிராக்ட் கூலியாக உழைக்கும் பையனுக்கு எந்தப் பாங்கி கடன் தரும்? ஆகவே மயங்குகிறான். அவனை நாம் குறை சொல்லவில்லை. வீட்டு வாடகை கொடுத்தே ஓய்ந்துபோன தகப்பனைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. இந்த வியாபாரிகளில் பலர் வயலை முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. விவசாயிக்கு அட்வான்ஸ் கொடுத்து, 'பவர்' எழுதி வாங்கி, கல் நட்டுக் கொடி கட்டிவிடுகிறார்கள். நூறு பேர் ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டினால் மாதம் 3 லட்சம். அதிலிருந்துதான் விவசாயிக்குப் பாக்கி போகிறது, ரோடு போடப்படுகிறது, வியாபாரியின் காரும் ஓடுகிறது. முதல் இல்லாமல் தொழில் தொடங்கியவன் அவனே! வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல் அவனுக்குக் கடன் கொடுத்தவன் யார்? தகுதியில்லை என்று பாங்கி திருப்பி அனுப்பிய அதே பையன்!

வியாபாரம் நொடித்தால் பையன் கையில் மிஞ்சுவது ரசீதுப் புத்தகம், பத்திரம் அல்ல. பவர் பத்திரத்தால் மட்டும் நிலம் கைமாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட் தடை போட்டது. அப்போது தவித்தது யார்? வாங்கியவர்கள்தான். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அந்தக் கட்டணமும் பெரும்பாலும் வாங்கியவன் தலையிலேயே விழுந்தது.

காகிதம் அவ்வளவு பெரிதா என்று கேட்பீர்கள். இதே மன்னார்புரத்தில், துண்டு ராணுவ நிலம் கைக்கு வராமல் அரிஸ்டோ மேம்பாலத்தின் ஒரு கை பல வருஷம் அந்தரத்தில் நின்றது. சர்க்காருக்கே அந்தக் கதி!

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவைப் பதிவு செய்த பிறகே விற்கலாம். வசூலில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நோட்டீஸ் கொடுப்பவனிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அங்கீகாரம் கேளுங்கள். அவன் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

மனையாகும் வயலில் நேற்று வரை நாற்று நட்டவள் விவசாயத் தொழிலாளி. நிலக்காரருக்கு விலை கிடைத்தது; அவளுக்கு வேலை போயிற்று, நஷ்ட ஈடு ஒரு காசில்லை. அவள் மகன் மில் கூலியில் மிச்சம் பிடித்து அதே வயலின் ஒரு துண்டுக்குத் தவணை கட்டுகிறான்!

குடியிருந்த மண்ணை விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கிய 1971-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம் தவணை கட்டியா வந்தது? திருச்சி நகரத்தின் உபரி நிலத்தையும் எடுக்க வழி செய்த 1978-ம் வருஷத்து உச்சவரம்புச் சட்டத்தை 1999-ல் ரத்து செய்தார்கள். யாருக்காக? வீட்டு மனைப் பட்டா கேட்டு நிற்பவர்களுக்காகவா?

ஏற்கெனவே தவணை கட்டிவரும் தோழர்கள் ரசீதுகளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். ஒரே வியாபாரியிடம் கட்டியவர்கள் ஒன்றாக வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே கேட்போம்.