மீன் செத்தால் கண்டம் கழியாது

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது வருடம் அறிவியல் எடுத்தவன் சுருக்கமாகப் பேசுவான் என்று நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

சில வாரங்களுக்கு முன் நம் ஆரணியில் ஒரு கிரகப்பிரவேசம். என் பழைய மாணவன் வீடு. அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்து, இன்று சொந்தமாக நாலு தறி போட்டிருப்பவன். மனசு நிறைந்து போய்த்தான் உள்ளே நுழைந்தேன். கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி. அதில் ஒரு ஃப்ளவர்ஹார்ன், இரண்டு ஆஸ்கர், நாலு பேரட், 'மிக்ஸ்' என்று கடையில் அள்ளிக் கொடுத்த ஆறு ஆப்பிரிக்க மீன்கள். "எல்லாமே சிக்லிட் சார், ஒரே இனம், ஒத்துப்போகும்னு சொன்னாங்க" என்றான்.

மூன்றாவது வாரம் மறுபடி போனேன். மிச்சம் இருந்தவை ஃப்ளவர்ஹார்னும் ஓர் ஆஸ்கரும். "போனா போகுது சார், வீட்டுக்கு வர இருந்த கண்டத்த அதுங்க வாங்கிக்கிச்சு" என்றார் அவன் அம்மா. பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, எங்களுக்குப் பதிலாவா அதுங்க செத்துச்சு?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

இல்லை பாப்பா. உங்களுக்காக எந்த மீனும் சாகவில்லை. பெரியவர்கள் கணக்குப் போடாததால் செத்தன. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மாலையில் தண்ணீர் ஊற்றி, காலையில் பதின்மூன்று மீனை விட்டால், அவை தம் கழிவிலேயே மூச்சு முட்டும். தப்பிப்பதைப் பலசாலி மீன் கடித்து முடிக்கும். இதில் கண்டம் எங்கிருந்து வந்தது?

'வாஸ்து மீன்' என்கிறீர்கள். ஃப்ளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் பல சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினம். உங்களில் பலரைவிட வயதில் சின்னது. மயனுக்கே தெரியாத மீன் எப்படி வாஸ்து சாஸ்திரத்தில் இடம்பிடித்தது? நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை; நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் 'செத்தால் நல்லது' என்று ஒரு நம்பிக்கை சொன்னால், அதனால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். செத்த மீனுக்குப் பதில் புது மீன் விற்கிறவருக்கு.

பேரட் மீனும் கலப்பினம்தான். தைவானில் 1980-களில் வந்தது. பலவற்றுக்கு வாயைச் சரியாக மூடக்கூட முடியாது. அதற்கும் மேலே சிலவற்றுக்குச் சாயம் ஏற்றி ஊதா, பச்சை என்று விற்கிறார்கள். நாம் சாயத்தோடு பிழைக்கிற ஊர்க்காரர்கள். சாயம் பட்டு நூலுக்கு. உயிருள்ள தோலுக்கு அல்ல. மற்ற ஊர்க்காரன் வாங்கினால் தெரியாமல் வாங்கினான் என்பேன்; ஆரணிக்காரன் வாங்கலாமா?

நானும் யோக்கியன் இல்லை. ஓய்வு பெற்ற வருடம் இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் வளர்த்தேன். "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்றார்கள், நம்பினேன். விரல் நீளத்தில் வந்தவை ஒரு வருடத்தில் என் கை அளவைத் தாண்டின. ஒன்று திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் உரசி உரசிச் செத்தது. கடைக்காரரைத் திட்டினேன். ஆனால் அளவுகோல் என் கையில்தான் இருந்தது. தொட்டிக்குத் தகுந்தபடி மீன் அடங்கி வளர்வதில்லை. கெட்ட தண்ணீரில் வளர்ச்சி குன்றி, ஆயுள் குறைந்து போகிறது. அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. மூன்றடித் தொட்டி என்பது சுமார் 90 செ.மீ. நீளம், 38 அகலம், 45 உயரம். விளிம்பு வரை 154 லிட்டர். மணலும் கல்லும் போக 130 தேறும். ஆஸ்கர் 30 செ.மீ. வளரும். 38 செ.மீ. அகலத்தில் 30 செ.மீ. மீன் எப்படித் திரும்பும்? தறியின் அகலத்தைத் தாண்டி ஒரு அங்குலம்கூடப் புடவை நெய்ய முடியாது என்று தெரிந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் எதை வைக்கலாம்? கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று. ஒன்றே ஒன்று. கலக்காதீர்கள்.

முதலாவது, கன்விக்ட். மத்திய அமெரிக்க மீன், உடம்பில் கறுப்புப் பட்டை. 10, 12 செ.மீ. தாண்டுவது அபூர்வம். நம் உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஒரு ஜோடி போதும். குஞ்சு பொரித்து, தாயும் தகப்பனும் காவல் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டாவது, மலாவி ஏரியின் எலக்ட்ரிக் யெல்லோ. அந்த ஏரி மீன்களில் சாதுவானது. 10 செ.மீ. வளரும். எட்டு வைக்கலாம். நிறையக் கல் அடுக்கி ஒளிய இடம் கொடுங்கள். அந்த ஏரித் தண்ணீர் பி.எச். 8-ஐ ஒட்டியது, தாதுச் சத்துள்ளது. பாத்திரத்தில் வெள்ளை படியும் போர் தண்ணீரே இதற்கு நல்லது. 'சுத்தமானது' என்று ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றிக் கெடுக்காதீர்கள்.

மூன்றாவது, ஏஞ்சல். அமேசான் மீன்தான், ஆனால் கடைக்கு வருபவை பல தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்தவை, ஓரளவு அனுசரித்துப்போகும். நாலு போதும். ஜோடி சேர்ந்து மற்றதைத் துரத்தினால் பிரித்துவிடுங்கள். நியான் டெட்ராவோடு விட்டால், அது இரை.

நாலாவது, எனக்குப் பிடித்தது: ஆரஞ்சு குரோமைட். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் சொந்த சிக்லிட். மலையாளத்தில் பள்ளத்தி. கேரளத்தின் மாநில மீனான கரிமீனுக்கு உறவு. 8 செ.மீ. தான் வளரும். ஆறு வைக்கலாம். இதன் குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். கொளத்தூர் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டால்தான் கடைக்கு வரும்.

எதுவானாலும், தொட்டியை ஆறு வாரம் முன்பே தயார் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி காற்று பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கமண்டல நாகநதியிலோ விடாதீர்கள். அது புண்ணியம் அல்ல. நம் ஏரிகளில் நிறைந்திருக்கும் ஜிலேபியும் ஒரு சிக்லிட்தான். 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்தது. நாட்டு மீனின் இடத்தைப் பிடித்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு மச்சான் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை வஞ்சிர வறுவல் சாப்பிடுற வாத்தியாருக்கு இந்த மீன் மேல என்ன கரிசனம்?" நியாயமான கேள்வி. சாப்பிடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் தட்டில் உள்ள மீனிடம் "உன்னைக் காப்பாற்றுகிறேன்" என்று நான் சொல்லவில்லை. தொட்டியில் விட்ட மீனிடம் சொல்லியிருக்கிறேன். சோறும் தண்ணீரும் நம் கையை எதிர்பார்த்து இருக்கிற உயிரைச் சாகவிட்டு, அந்தச் சாவுக்கும் நம் நன்மையையே காரணமாகச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மாணவன் கோபிக்கவில்லை. ஆஸ்கரை ஆறடித் தொட்டி வைத்திருக்கும் இன்னொரு மாணவன் வாங்கிக்கொண்டான். ஃப்ளவர்ஹார்னுக்கு நாலடித் தொட்டி வாங்கித் தருகிறேன் என்றான். பத்து வருடம்கூட இருக்கக்கூடிய மீன், கடைசிவரை உன் பொறுப்பு என்றேன். சரி சார் என்றான். ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுவது பாப்பாவின் வேலை.

ஆவணிக்கு இன்னும் மூன்று கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்திருக்கிறது. மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள். தொட்டி வாங்குமுன் ஒரு போன் செய்யுங்கள். திட்ட மாட்டேன். டேப் எடுத்துக்கொண்டு வருகிறேன்.