வெறியாட்டும் வெளிநோயாளர் பிரிவும்

அகப்பாடல்களில் தலைவியின் மேனி வாடுவதைக் கண்டு கலங்குபவள் செவிலி. காரணம் அறியாது வேலனை அழைப்பாள். அவனோ முருகு அணங்கியது என்று மறி அறுப்பான். உண்மை தெரிந்தவள் தோழி மட்டுமே. நர்சுகளுக்குச் செவிலியர் என்று பெயர் சூட்டிய நாம், அந்த அறியாமையையும் சேர்த்தே அளித்துவிட்டோம் போலும். ஆட்டுக்குட்டி ஒன்றுதான் தப்பித்தது.

என் மாணவி ஒருத்தி வீங்கிய மணிக்கட்டுடன் மருத்துவமனைக்குச் சென்றாள். குளியலறையில் வழுக்கியதாம். எக்ஸ்ரே, களிம்பு, வலி மாத்திரை, ஐந்தே நிமிடம். கைபேசியின் கடவுச்சொல்லைத் தர மறுத்ததற்காகக் காதலன் முறுக்கிய கை அது என்பதைத் தோழிதான் பிறகு என்னிடம் சொன்னாள். அங்கே எவரும் அவளைத் தனியே அழைத்து விசாரிக்கவில்லை.

விசாரிக்க அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம், 10 முதல் 19 வயதினர்க்கான தன் இலக்குகளில் வன்முறையையும் சேர்த்தது. காகிதத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலோ, காதுகொடுத்துக் கேட்பதையும் நம்புவதையும் பாதுகாப்பை உறுதிசெய்வதையும் மருத்துவரின் கடமையாக்குகிறது. மும்பை பாந்த்ராவின் மாநகராட்சி மருத்துவமனையில் உருவான 'திலாசா' மையம் இதை நடத்தியே காட்டியது.

'போக்சோ இருக்கிறதே, கேட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டுமே' என்பார்கள். 18 வயதுக்குக் கீழ், பாலியல் குற்றமென்றால் ஆம். அதை முன்னரே அவளிடம் சொல்லிவிட்டுக் கேட்பதும் பயிற்சியின் பாற்பட்டதே. என் மாணவிக்கோ வயது 19. அந்தச் சாக்கும் அங்கே செல்லாது.