‘வாங்கு’ என்னும் வினை

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார்ப்பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. இணையத் தொடர்பின்றி இயங்காத விளையாட்டு அது. வட்டாக வாங்கியவரிடமும் பயனற்ற வட்டே எஞ்சியது. இதனைக் கண்டித்து யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனு, 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

வியப்புக்குரியது வேறொன்று. அக்கண்டனத்தைக் கேட்ட விளையாட்டாளர்களில் ஒரு சாரார் நிறுவனத்தின் வழக்கறிஞர்களாகவே மாறினர். “விதிமுறைக்கு ஒப்புக்கொண்டாய் அல்லவா? நீ பெற்றது உரிமம், உடைமை அன்று” என்பது அவர்களது வாதம். ஒப்பந்த வாசகத்தின்படி அது சரியே. ஆயினும், எவரும் படியாத ஒப்பந்தத்தில் ‘உரிமம்’ என்றும், எல்லோரும் காணும் விற்பனைப் பக்கத்தில் ‘வாங்கு’ என்றும் எழுதியவர் யார்?

தமிழில் கடனும் வாங்கலாம், அடியும் வாங்கலாம். விலைக்கு வாங்கியதோ வாங்கியவருக்கே உரியது. நாகலாபுரம் கடைவீதியில் ஒலிக்கும் தெலுங்குக் ‘கொனு’வும் தமிழின் ‘கொள்’ளும் ஒரே வேரின. ‘கொள்முதல்’ என்பதில் விலைக்குப் பெறுதலைக் குறிக்கும் அதே சொல்லே, தனதாக்கிக்கொள்வதையும் குறிக்கிறது. இம்மொழிகளைப் பேசுவோர் ‘வாங்கு’ என்பதை வேறெவ்வாறு படிப்பர்? படிக்கத் தவறியவர் என்று அவர்களை எள்ளுவது முறையன்று.

கலிஃபோர்னியச் சட்டம் குற்றத்தைச் சரியான இடத்தில் வைத்தது. விற்கப்படுவது உரிமமே எனத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்னும் சொல்லை ஆள்வதை, 2025 ஜனவரி 1 முதல் அது தடுக்கிறது. ஸ்டீம் இணையக் கடையில் அவ்வறிவிப்பு 2024 அக்டோபரிலேயே தோன்றிவிட்டது.